தாங்கி பூட்டினவர் பின்னுக்கு இருக்கிறார்

என் கைபேசியில் அவர் ‘தாங்கி அண்ணை’ என்றுதான் பதிவாகியிருக்கிறார். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். “என்ரை பேரை ஒரு இடமும் போட்டிடாதையும் தம்பி. சனம் தேடி வந்திடும். பேந்து எல்லாற்றை வாகனத்திலையும் நான் ஏறவேணும்” என்று ஒருமுறை கும்பிடாத குறையாகச் சொன்னார்.

ஏறச் சொல்லி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அதுதான் விஷயம்.

குருநகரில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அவருடைய கொட்டில் இருந்தது. மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் தாங்கி செய்வார், பூட்டுவார். அந்த வேலை தெரிந்தவர்கள் அந்தக் கரையில் வேறும் இருந்தார்கள். அவரைவிடக் கெதியாகவும் செய்தார்கள். ஆனால், தான் பூட்டிய தாங்கி முதன்முதலாக வெளிக்கிடும்போது தானும் கூடவே வெளிக்கிடுகிற ஆள் அவர் மட்டுந்தான். படகென்றால் படகில். உழவு இயந்திரமென்றால் அதன் மட்காட்டில்.

அதற்கென்று ஒரு வெள்ளைச் சேட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற சேட்டு வேறு. இது முதல் ஓட்டத்துச் சேட்டு. அதை மடிப்பு விழ மினுக்கிப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கையில் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து நிற்பார். கரியும் எண்ணெயுமான வேலை முழுவதையும் கிழிந்த பெனியனோடு செய்துவிட்டு, ஒழுகுமோ ஒழுகாதோ என்று தெரியாத அந்த ஒரு நாளைக்குப் பார்த்து வெள்ளை உடுத்துகிற மனுஷனை நீங்கள் வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா? கேட்டால், “வெள்ளையிலைதானே தம்பி ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்” என்பார்.

ஏன் இப்படிக் கூடப் போகிறார் என்பதற்கு அந்த ஒழுங்கையில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. சும்மா மீன் கிடைக்கும் என்றார் ஒருவர். வீட்டுக்காரியின் வாய்க்குத் தப்பி ஓடுகிறார் என்றார் இன்னொருவர். வீட்டுக்காரியோ, “அந்தாளுக்கு ஊர் பாக்கிற விசர்” என்று நாலு சொல்லில் முடித்துவிட்டார். நானும் ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“ஒழுகினால் ஆற்றையாவது மூஞ்சையைப் பாத்து ஏசத்தானே வேணும்? நடுக்கடலிலை நிண்டு கரையைப் பாத்து ஏசினால் எனக்குக் கேக்குமே? நான் பக்கத்திலை இருந்தால் உங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு.”

கலியாண மண்டபம் ஒன்றின் மின்பிறப்பாக்கிக்கு ஒருமுறை தாங்கி மாற்றிக் கொடுத்தார். அது முதலில் ஓட வேண்டி வந்தது ஒரு கலியாண நாளில். மண்டபத்துக்குப் பின்னால், மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேட்டோடு கதிரை போட்டு இருந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண்ணின் மாமன் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்தார்கள். என்னவோ குறை நேர்ந்துதான் மனுஷன் கோபித்துக்கொண்டு பின்னுக்குப் போய் இருக்கிறார் என்று இரண்டு பக்கமும் முடிவுகட்டி, மாறி மாறி வந்து மன்னிப்புக் கேட்டு, சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவரும் ஒருவர் மனதையும் நோகடிக்காமல் இரண்டு தரமும் போய்ச் சாப்பிட்டார். குடும்பப் படத்திலும் நிற்கிறார். படத்தில் எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் மூக்கைச் சற்றே தூக்கிப் பின்பக்கத்து யன்னலைப் பார்க்கிறார்.

மூக்குத்தான் அவருடைய மானி. காற்றில் டீசல் வாசம் கொஞ்சம் கூடினாலும் அது கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவு வீரத்துக்கும் நடுவில் ஒரு இடைஞ்சல் இருந்தது. கடல் எப்படிக் கொந்தளித்தாலும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து ஆறுதலாகச் சாப்பிடுகிற அந்த மனிதருக்குத் தரையில் வாகனம் ஏறினால் ஒத்துக்கொள்ளாது. சாவகச்சேரி தாண்டும் முன்னரே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்துவிடும். மூக்கில் ஒரு தேசிக்காயை வைத்து மணந்துகொண்டேதான் பயணம் செய்வார்.

“கடலிலை றோட்டு இல்லைத் தம்பி. றோட்டு இருந்தால்தான் வளைவு இருக்கும். வளைவு இருந்தால்தான் எனக்கு வயித்தைப் பிரட்டும்.”

அப்படிப் பிரட்டுகிற வயிற்றோடுதான் உழவு இயந்திரங்களிலும் லொறிகளிலும் தண்ணீர் வண்டிகளிலும் முதல் ஓட்டம் போய்வந்தார்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு மனுஷனின் துணிவை அளக்கப் பக்கத்தில் ஒரு பயந்தாங்கொள்ளியை நிறுத்தி வைப்பது வசதி.

நான் குருநாகல் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து, பொரித்து ஒருநாளேயான கோழிக்குஞ்சுகளை ஏற்றி வந்து வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் கொடுப்பவன். பின்தட்டில் கூடாரம் போட்ட பழைய பிக்கப் ஒன்று. துளை போட்ட மட்டைப் பெட்டிகளில் குஞ்சுகள். வழியில் எங்கும் மறிபடாமல் வந்து சேர்ந்தால் வியாபாரம். மறிபட்டால் என்ன ஆகும் என்பது எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருடம் எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் டீசல் முடிந்து ஒரு வரிசையில் அகப்பட்டேன். குஞ்சு வியாபாரிக்கு வேறு மானி தேவையில்லை, சத்தம் காணும். காலையில் பெருமழை மாதிரிக் கேட்ட கீச்சுச் சத்தம் மத்தியானம் தூறலாகி, பொழுதுபடுகிற நேரம் ஓய்ந்தது. நான் இறங்கிப் போய்க் கூடாரத்தைத் திறக்கவில்லை. திறந்து பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அவை மீசாலையில் ஓர் அக்காவுக்கு வந்த குஞ்சுகள். புதுக் கூடு கட்டி, சூட்டுக்கு லாம்பு கொளுத்தி வைத்துக் காத்திருந்தவர்.

தட்டுப்பாடு பிறகு தீர்ந்தது. நாட்டுக்குத் தீர்ந்தது, எனக்குத் தீரவில்லை. ‘டீசல் கப்பல் வரவில்லையாம்’ என்று ஓர் ஆள் தேநீர்க் கடையில் வாய் திறந்தால், அவர் வாய் மூடுவதற்குள் நான் பெற்றோல் செட்டில் நிற்பேன். ஒருநாள் கோண்டாவிலில் வாகனங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு, என்ன ஏது என்று விசாரியாமல் போய்க் கடைசியில் நின்றுவிட்டேன். வரிசை மெல்ல நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். அது சுடலைக்குப் போய் நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், செட் இல்லையே என்ற அழுகை.

ஆகவே, தட்டுப்பாட்டுக் காலத்தில் மேலதிகத் தாங்கி பூட்டியவர்கள் கெட்டிக்காரர். எல்லாச் செட்டிலும் டீசல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் பிக்கப்பின் பின்தட்டில் தாங்கி பூட்டப் போனவன் நான்.

“இஞ்சாருங்கோ, செட் எங்கடை சந்தியிலை கிடக்கு. தேவையெண்டால் நடந்து போய்க் குடிச்சிட்டே வரலாம்” என்றாள் என் மனைவி.

ஆனால் மீசாலை அக்கா மறுபடியும் குஞ்சு கேட்டிருந்தார். கேட்ட தொனி இப்படி: “இன்னொருக்கா உன்னை நம்பிறன். இந்த முறையும் சத்தமில்லாமல் வந்தியெண்டால், அந்தக் கூடாரத்துக்கை உன்னை இருத்தி மூடி விடுவன்.”

தாங்கி அண்ணை என் பிக்கப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன ஏத்துறனீர்?”

“கோழிக்குஞ்சு அண்ணை.”

“உயிர்ச் சாமான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வழமையான தகட்டை வைத்துவிட்டு, மூலையிலிருந்து தடித்த தகடு ஒன்றை இழுத்தெடுத்தார்.

தாங்கி, சாரதி ஆசனத்தின் முதுகுப் பக்கமாகப் பின்தட்டில் உட்கார்ந்தது. அடியில் றப்பர், மேலே இரும்புப் பட்டி. கீழே ஒரு திருகி. அதைத் திறந்தால் டீசல் குழாய் வழியாக இறங்கி வாகனத்தின் சொந்தத் தாங்கிக்குள் போகும். ஒட்டுகளெல்லாம் சரியா என்று பார்க்க, காற்றடித்து, சவுக்கார நுரையைத் தூரிகையால் தடவினார். நுரை எங்காவது குமிழி விட்டால் அங்கே ஓட்டை. ஒரு குமிழியும் வரவில்லை. அவர் எதற்காகத் தடவினார் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு ஏறவில்லை. தாங்கிக்கும் சவுக்காரத்துக்கும் ஏதோ உறவுண்டு என்பது மட்டும் ஏறியது. ஏறியது வினையாகப் போயிற்று.

“தம்பி, இஞ்சை பாரும். மேலை வளைஞ்சு நிக்கிற இந்தச் சின்னக் குழாய்தான் மூச்சுக்குழாய். உள்ளுக்கை காத்துப் போனால்தான்…”

“அண்ணை, மண்வாளி ரெண்டு காணுமோ, மூண்டு வைக்கவோ?”

“மண் என்னத்துக்கு? வீடு கட்டப் போறீரே?”

“பத்தினால் அணைக்க.”

“டீசல் அப்பிடிச் சட்டெண்டு பத்தாது.”

“சட்டெண்டு பத்தாதெண்டால், ஆறுதலாப் பத்துமோ?”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நாளண்டைக்கு முதல் ஓட்டம். நான் வருவன்” என்றார்.

பூட்டியவரே கூட வருகிறார் என்றால் நெஞ்சுக்கு ஆறுதல் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு மறுவளமாகத் தோன்றியது. இந்த மனுஷனுக்கே தன் வேலையில் நம்பிக்கை இல்லையோ? வெள்ளைச் சேட்டு என்பது செத்தவீட்டுக்கு உடுத்துகிற உடுப்போ?

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், தாங்கி நிறைய டீசலோடு பிக்கப் என் முற்றத்தில் நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மணந்தேன். மனைவி மாமரத்தடியில் நின்று, “உங்களிட்டை நாய் கெட்டுது” என்றாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். மேலே வளைந்து நின்ற சின்னக் குழாயிலிருந்து மெல்லிய டீசல் வாசம்! ஓட்டை! குஞ்சுப் பெட்டிகளுக்கு நேர்மேலே ஓட்டை! பெற்றோல் தாங்கி பொத்தலானால் சவுக்காரத்தை வைத்து அழுத்துவது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். கிணற்றடிக்கு ஓடினேன். மனைவியின் சந்தனச் சவுக்காரத்தில் ஒரு துண்டு கிள்ளி, குழைத்து, அந்தக் குழாயின் வாயில் வைத்து நன்றாக அடைத்தேன். மணந்து பார்த்தேன். சந்தனம். அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன். தாங்கியின் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு இவ்வளவு நிம்மதியாக நித்திரை கொண்ட கொலைகாரன் வேறு இருக்க மாட்டான்.

விடியற்காலையில் ஊர்ப் பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்து, நான்கு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தேன். தாங்கி அண்ணை வெள்ளைச் சேட்டோடு வந்து சேர்ந்தார். தாங்கியைத் தொட்டுச் சிலுவை போட்டார். தாங்கிக்கு நான் பூசிய திருநீறு அவர் விரலில் ஒட்டியது. தட்டாமல் அப்படியே விட்டார். பிறகு குனிந்து, பின்ரயரின் கீழே இருந்த தேசிக்காயை எடுத்துக்கொண்டார்.

“அண்ணை, அது கண்ணூறுக்கு வைச்சது!”

“உந்த ரயருக்கு வயித்தைப் பிரட்டாது. எனக்குப் பிரட்டும். இது என்னட்டை இருக்கட்டும்.”

போகும்போது முன் ஆசனத்தில் என் பக்கத்தில் இருந்தார், தேசிக்காய் மூக்கை விட்டு இறங்காமல். பண்ணையில் குஞ்சுப் பெட்டிகளை ஏற்றி முடித்ததும், பார்த்தால், மனுஷன் பின்தட்டில் ஏறிப் பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கி இருந்துவிட்டார்.

“முன்னுக்கு வாங்கோ அண்ணை. அதுக்கை வெக்கை.”

“வரேக்கை தாங்கி மட்டுந்தான். இப்ப உயிர் ஏறியிருக்கு. மணம் எழும்பினால் உதுகள் வந்து சொல்லுமே? ஒரு மூக்கு உள்ளுக்கை இருக்கவேணும்.”

பிறகு ஒன்று செய்தார். கையிலிருந்த தேசிக்காயைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டார்.

“அதை மணந்துகொண்டு இருங்கோவன். சத்தி வரப்போகுது.”

“தேசிக்காயை மணந்தால் டீசல் மணம் தெரியாது தம்பி.”

சாரதிப் பெட்டியின் பின்தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் ‘மணம் இல்லை, போ’ என்று பொருள். விடாமல் தட்டினால் ‘நிப்பாட்டு’. இது ஏற்பாடு. அவ்வப்போது என் முதுகுக்குப் பின்னால் ‘டொக்’ என்று ஒன்று கேட்கும். எனக்கு ஒரு மூச்சு வரும். அடுத்த ‘டொக்’ வரும்வரை அந்த மூச்சை வைத்துச் சமாளிப்பேன்.

வவுனியாவுக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடிக்குக் கிட்ட வரும்போது விடாமல் தட்டல் கேட்டது. டொக்டொக்டொக்டொக்! சாவடிக்கு நேரே முன்னால் பிறேக்கை அழுத்தி நிறுத்தி, கதவைத் திறந்தபடியே விட்டு, மண்வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு ஓடினேன். பொலிஸ்காரரும் என்னோடு ஓடிவந்தார். கூடாரத்தை விலக்கினால், வெளிறிப்போன முகத்தோடு ஒரு வெள்ளைச் சேட்டுக்காரர் வெளியே தலையை நீட்டினார். நேராகத் தரையில் சத்தி எடுத்தார். நான் பழக்கதோஷத்தில் அதன்மேல் மண்ணைக் கொட்டினேன்.

“நெருப்பெண்டு நினைச்சன் அண்ணை!”

“சத்தியெண்டு தட்டினனான்.”

பொலிஸ்காரர் குஞ்சுகளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “இவர் ஏன் உள்ளே?” என்று கேட்டார். அண்ணை பேச வலுவில்லாமல் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் விசாரித்தால் தனக்கும் ஏதாவது தொற்றும் என்று பொலிஸ்காரர் நினைத்திருக்க வேண்டும். போகச் சொல்லிக் கையை அசைத்தார். இனிமேல் சத்திக்கு இரண்டு தட்டு என்று தீர்மானித்துக்கொண்டு வெளிக்கிட்டோம்.

நான் பண்ணையில் வெளிக்கிடும்போதே கீழ்த் திருகியைத் திறந்து விட்டிருந்தேன். மேலிருந்து டீசல் இறங்குகிறது என்ற எண்ணம். என் பிக்கப்பின் டீசல் மானி செத்துப் பல காலம். ஓமந்தை தாண்டி, இரண்டு பக்கமும் காடான இடத்தில், வாகனம் இரண்டு மூன்று தரம் விக்கி நின்றது.

இயந்திரச் சத்தம் அடங்கியதும் குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டது. நடுமத்தியானம். காற்று இல்லை. பெருமழை மாதிரிக் கேட்டது. நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். இறங்க முடியவில்லை. அந்தப் பழைய வரிசை, அந்தப் பழைய பின்னேரம். மழை விடப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

“தம்பி! இறங்கும்! பெட்டியளை இறக்குவம்!”

குஞ்சுப் பெட்டிகள் அத்தனையையும் றோட்டோரத்துப் பாலை மரத்து நிழலில் வைத்து மூடிகளைத் திறந்தோம். நான் ஒரு மட்டை மூடியால் விசிறினேன். குஞ்சுகளுக்கு வந்த காற்று, ஒரு கிழவர் விடுகிற பெருமூச்சளவுதான். அண்ணை அதைப் பார்த்தார். சேட்டைக் கழற்றினார்.

“உந்த மட்டையாலை காத்து வராது. இதைப் பிடியும்.”

முதல் ஓட்டத்துச் சேட்டு. மடிப்புக் கலையாத சேட்டு. அதை விரித்துப் பிடித்து நான் விசிற, அவர் பெனியனோடு பிக்கப்பில் ஏறினார். வாகனத்தின் சொந்தத் தாங்கியைத் தட்டிப் பார்த்தார். வெறும் பானைச் சத்தம். தன் தாங்கியைத் தட்டினார். நிறைந்த வயிற்றுச் சத்தம். முகம் சுருங்கியது. கீழ்த் திருகி, குழாய், மேல் மூடி என்று மூக்கால் தடவிக்கொண்டு போய், அந்தச் சின்ன வளைந்த குழாயில் நின்றார். மணந்தார். இன்னொருமுறை மணந்தார்.

“தம்பி.”

“என்ன அண்ணை? வெடிச்சிட்டுதோ?”

“உம்மடை வீட்டிலை என்ன சவுக்காரம்?”

சேட்டு என் கையில் நின்றுவிட்டது. “சந்தனம்” என்றேன்.

“நல்ல மணம்.”

அவ்வளவுதான் சொன்னார். இறங்கிப்போய் உடை மரத்தில் ஒரு நீண்ட முள் முறித்து வந்து, அந்தக் குழாயில் குத்தி எடுத்தார். தாங்கி ‘ஹ்ஹா’ என்று ஒரு மூச்சை இழுத்தது. தண்ணீருக்குள் முக்கிப் பிடித்திருந்த ஆளைத் தூக்கி விட்டதைப் போல. உள்ளே டீசல் குளுக் குளுக்கென்று இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஆனால் டீசல் வாகனம் ஒருமுறை காற்றைக் குடித்துவிட்டால், அந்தக் காற்றைக் கையால் அடித்து வெளியேற்றினால்தான் பிறகு ஸ்ராட் ஆகும். அவர் முன்னால் குனிந்து, கைப்பம்பை அடித்தார், அடித்தார். நான் விசிறினேன். பெட்டிகளுக்குள் மழை தூறலாகிக்கொண்டிருந்தது. “அண்ணை, சத்தம் குறையுது” என்றேன். “விசுக்கும்” என்றார். “அண்ணை, குறையுது.” “கதையாதையும். விசுக்கும்.” குஞ்சுகள் சில தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஒன்றைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தேன்; அதன் நெஞ்சு என் நெஞ்சைவிட மெதுவாக அடித்தது. அந்த நேரம் என் நெஞ்சைவிட மெதுவாக அடிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

கடைசியில் இயந்திரம் இருமி, கறுப்பாகப் புகைத்து, பிடித்துக்கொண்டது. பெட்டிகளை ஏற்றினோம். கூடாரத்தின் இரண்டு பக்கச் சீலையையும் சுருட்டிக் கட்டி, ஓடுகிற காற்று உள்ளே வரச் செய்தார். பிறகு பெனியனோடு பின்னால் ஏறினார். நான் காலடியில் நின்றேன்.

“அண்ணை, நான்தான்…”

“நான் வடிவாச் சொல்லித் தரேல்லைப் போல” என்றார். “மூச்சுக்குழாயெண்டு ஒருக்கால் சொன்னால் காணாது. எல்லாருக்கும் ரெண்டு தரம் சொல்லவேணும். என்ரை பிழை. எடும் வாகனத்தை.”

சொன்னார்தான். நான்தான் மண்வாளிக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

மாங்குளம் தாண்டுகையில் முதுகுக்குப் பின்னால் ‘டொக்’ கேட்டது. ஆனையிறவு வெளியில் காற்று வாங்கியபோது இன்னொன்று. அதற்குப் பின்னால் மறுபடியும் பெருமழை.

மீசாலை அக்கா படலையிலேயே நின்றார். வாகனம் நின்றதும் ஒரு வார்த்தை பேசாமல், கூடாரத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகுதான் முகம் இளகியது. முகம் இளகியதும் வாய் திறந்தது.

“எத்தினை மணிக்கு வாறதெண்டு சொன்னனீ? நான் லாம்பு கொளுத்தி வைச்சுப் பாத்துப் பாத்து… எங்கை போய்க் கிடந்தனீ?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து பெனியனும் தலையில் குஞ்சுப் பஞ்சுமாக ஓர் உருவம் இறங்கியது.

“தாங்கியிலை ஒரு சின்னப் பிழை தங்கச்சி. நான்தான் பூட்டினது.”

“நீங்களோ பூட்டினது?” அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். “கண்டறியாத தாங்கி! உயிர்ச் சாமான் ஏத்துற வாகனத்துக்கு உப்பிடியே பூட்டுறது? இந்த வயதிலை உங்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமே?”

“ஓம், ஓம். பிழைதான்.”

“அக்கா, அது வந்து…” என்று நான் தொடங்கினேன். அண்ணை என்னைப் பார்க்காமலே பிக்கப்பின் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினார். நான் வாயை மூடினேன்.

அவர் ஏச்சு வாங்கிய வடிவை எப்படிச் சொல்ல? சிலர் மழையில் நனைவதை விரும்புவார்கள் அல்லவா, அந்த முகம். தலையைச் சற்றுச் சரித்து, இடைக்கிடை “ஓம் தங்கச்சி” போட்டு, முழுவதையும் வாங்கி முடித்தார். முடிந்ததும் அக்காவே தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெனியனின் மடிப்புக்குள் மறைந்திருந்த ஒரு குஞ்சைப் பிடித்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் குடித்தார்.

சேட்டைத் தோய்த்து, மினுக்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன். மணந்து பார்த்து, “சந்தனம்” என்று சிரித்தார். அந்தக் கதையை அவர் வேறொருவருக்கும் சொல்லவில்லை. நான்தான் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறேன்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் கூப்பிட்டும் என் பிக்கப்பில் அவர் ஏறவில்லை. “முதல் ஓட்டம் முடிஞ்சுது தம்பி. இனி அது உம்மடை தாங்கி” என்பார். அதைவிட ஒரு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. வதந்தி கேட்டுச் செட்டுக்கு ஓடுகிற பழக்கம்கூடக் குறைந்துவிட்டது. ஓடுவதில்லை, வேகமாக நடப்பதோடு சரி.

அவர் இரண்டாந்தரம் ஏறியது கட்டுநாயக்காவுக்குப் போக. மனைவி காலமான பிறகு, டென்மார்க்கில் இருக்கிற மகள் கூப்பிட்டுக்கொண்டாள். நான்தான் கொண்டுபோனேன். வெள்ளைச் சேட்டு. இந்த முறை முன் ஆசனத்தில், தேசிக்காயை மூக்கிலிருந்து எடுக்காமல் சொகுசாக வந்தார். விமான நிலையத்து வாசலில் நின்று, மேலே எழும்பிப் போன ஒரு பிளேனை வாயைப் பிளந்து பார்த்தார்.

“தம்பி, உதுக்கு எவ்வளவு எண்ணெய் கொள்ளும்?”

“தெரியாது அண்ணை. கனக்கக் கொள்ளும்.”

“உதுக்குத் தாங்கி பூட்டினவன் உள்ளுக்கை இருப்பானோ?”

“அப்பிடியெண்டு நினைக்கேல்லை அண்ணை.”

பிளேனே ஏறியிராத நான் அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். ஒன்றும் நடக்காது, பயப்பிடாதேங்கோ, இத்தனை சனம் போய் வருது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத்தான் பயம் கூடியது. அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் வாகனத்தை எடுக்க மனமில்லாமல் தரிப்பிடத்திலேயே இருந்தேன். போகிற பிளேன், வருகிற பிளேன் எல்லாவற்றையும் மணந்து பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். கைபேசி அடித்தது. ‘தாங்கி அண்ணை.’

“தம்பி, ஏறியிட்டன். கடைசி வரிசையிலைதான் இடம் தந்திருக்கினம். நல்லதாப் போச்சு.”

“வயித்தைப் பிரட்டுதோ அண்ணை? தேசிக்காய் கிடக்கே?”

“கிடக்கு. பொக்கற்றுக்கை போட்டிட்டன்.”

அந்தப் பக்கம் யாரோ பெல்ற்றைப் போடச் சொல்வது கேட்டது. பிறகு பக்கத்துச் சுவரிலோ யன்னலிலோ, தெளிவாக ஒரு தட்டு.

டொக்.